செஞ்சிக் கோட்டையும் தேகப் பயிற்சியும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போகிறவர்கள் செஞ்சி வந்ததும் தானாகவே ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். யாரோ பெரிய பெரிய பாறைகளை லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டிக் குவித்தது போல மூன்று மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் சேர்த்து வளைத்து ஓடும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். இவற்றில் உயரமானது ராஜகிரி, ஏறக்குறைய 800 அடி.

செஞ்சி என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது தேசிங்கு ராஜாதான். 1714ல் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி, 22 வயதில் செத்துப்போன இளைஞன். (கல்லூரி முடிக்கிற வயது!) அடுத்து ஞாபகம் வருவது கல்யாண மகால். கோட்டைக்குள் போகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், யானைக்குளத்தை எட்டிப் பார்ப்பார்கள், பிறகு தண்ணீர் பாட்டிலோடு மலை ஏறத் தொடங்குவார்கள். கீழ்க்கோட்டையில் பலரும் சரியாகக் கவனிக்காமல் கடந்து போகும் இரண்டு கட்டடங்கள் உண்டு. ஒன்று நெற்களஞ்சியம். இன்னொன்று உடற்பயிற்சிக் கூடம்.

ஆமாம், ஜிம்தான்! ஒரே வளாகத்தில் ஒரு பக்கம் மூட்டை மூட்டையாக நெல், இன்னொரு பக்கம் உடம்பை வளைக்கும் இடம். வரவும் செலவும் அடுத்தடுத்துக் கட்டிவைத்த மாதிரி. கோட்டை கட்டியவர்கள் அப்படி நினைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். முற்றுகை வந்தால் மாதக்கணக்கில் சாப்பாடு வேண்டும், அதற்குக் களஞ்சியம். முற்றுகையை எதிர்த்து நிற்க ஆட்கள் வேண்டும், அவர்களுக்குப் பயிற்சிக் கூடம். இரண்டுமே போர்த் தளவாடங்கள் என்பதுதான் அன்றைய கணக்கு.

முற்றுகை என்பது செஞ்சிக்கு வெறும் பேச்சும் இல்லை. 12-ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆனந்தக் கோன் கட்டத் தொடங்கினார் என்று சொல்லப்படும் இந்தக் கோட்டை விஜயநகரத்தாரிடமும் செஞ்சி நாயக்கர்களிடமும் இருந்து, பிறகு பீஜப்பூர் சுல்தானிடம் போனது. 1677ல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் மராட்டிய நாட்டிலிருந்து தப்பி வந்து 1689ல் இங்கேதான் அடைக்கலம் புகுந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690ல் வந்து கோட்டையைச் சூழ்ந்தார். கோட்டை விழுந்தது 1698ல்! ஏழு ஆண்டுகளுக்கு மேல் விட்டு விட்டு நடந்த முற்றுகை. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். ஆங்கிலேயர்கள் இதைக் 'கிழக்கின் ட்ராய்' என்று சொன்னதற்கு மலையும் மதிலும் மட்டும் காரணமில்லை.

இந்த ஏழு ஆண்டுகளும் ராஜகிரி உச்சியில் காவல் நின்றவனுக்குச் சோறு எப்படிப் போனது என்று யோசித்துப் பார்த்தால் விஷயம் புரியும். உச்சிக்குப் போகிற வழியில் ஒரு பெரிய பாறைப் பிளவு இருக்கிறது. அதன்மேல் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே யாரும் வர முடியாது. அதையும் தாண்டி அரிசி, வெடிமருந்து, குண்டு, விறகு எல்லாம் மனிதர்களின் தலையிலும் தோளிலும்தான் போயிருக்க வேண்டும். பயிற்சிக் கூடத்துக்குப் போனவர்கள் கொஞ்சம் பேர். மல்லர்கள், வாள் வீரர்கள், கொஞ்சம் பெரிய இடத்துப் பிள்ளைகள். மற்ற அத்தனை பேருக்கும் மலையே பயிற்சிக் கூடம். அவர்களில் யாரும் அதை உடற்பயிற்சி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். வேலை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் மல்லர்களின் கதை பழையதுதான். ஆமூர் மல்லனோடு சோழ இளவரசன் ஒருவன் மோதியதைப் புறநானூறு பேசுகிறது. பல்லவன் நரசிம்மவர்மனின் பட்டப்பெயரே மாமல்லன். தண்டால், கோதா போன்ற சொற்கள் இன்றும் வாயில் இருக்கின்றன. இவற்றுக்கு இந்தியிலும் மராத்தியிலும் தெலுங்கிலும் உறவுக்காரர்கள் உண்டு. படைகள் மாறி மாறி வந்து தங்கிய நாட்டில் பயிற்சிகளும் சொற்களும் கலந்துபோனதில் ஆச்சரியம் என்ன? 'கோதாவில் இறங்கிவிட்டார்' என்று தேர்தல் செய்தியில் எழுதும்போது அது மல்யுத்தக் களம் என்று யாரும் நினைப்பதில்லை.

இந்த இடத்தில் மல்லர் கம்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நட்டுவைத்த கம்பத்தில் ஏறிச் சுற்றி வளைந்து நிற்கும் இந்த விளையாட்டுக்கு இன்று தமிழ்நாட்டில் பேர் பெற்ற ஊர் விழுப்புரம். செஞ்சி இருக்கும் மாவட்டத்தின் தலைநகர்! உடனே 'சிவாஜியின் வீரர்கள் செஞ்சிக்குக் கொண்டுவந்த கலை' என்று எழுதிவிட ஆசை வரும். காலக் கணக்கு ஒத்துவராது. மல்லர் தூணைப் பற்றி 12-ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேஸ்வரன் எழுதிய மானசோல்லாசத்தில் குறிப்பு இருக்கிறது. ஆனால் அதை இன்றைய வடிவில் மீட்டெடுத்தவர் என்று சொல்லப்படும் பாலம்பட் தாதா தேவ்தர், பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் காலத்தவர். ராஜாராம் செஞ்சியை விட்டுப் போய் நூறு வருடம் கழித்து!

கர்லாக்கட்டையின் கதை இதைவிடச் சுவையானது. நம் ஊர் மல்லர்கள் தோளைச் சுற்றிச் சுழற்றுகிற அந்தக் கட்டையை இந்தியாவில் பார்த்த ஆங்கிலப் படை அதிகாரிகள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1834ல் லண்டனில் டொனால்ட் வாக்கர் எழுதிய உடற்பயிற்சிப் புத்தகத்தில் அது இடம் பிடித்துவிட்டது. 1866ல் அமெரிக்காவில் சிம் கெஹோ அதற்கென்றே தனிப் புத்தகம் போட்டார். அங்கே அதற்குப் பெயரே 'இந்தியக் கட்டை'. எடையைக் குறைத்து, பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் சுழற்றத் தோதாகச் செய்து விற்றார்கள். 1904லும் 1932லும் ஒலிம்பிக்கிலேயே போட்டியாக வந்தது. 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம் வாங்கிய ஜார்ஜ் ரோத் அப்போது வேலையில்லாமல் இருந்தவர். பெரும் பொருளாதார மந்தம் நடந்துகொண்டிருந்த நேரம் அது.

நாம் கொடுத்தது அது என்றால் வாங்கியதும் உண்டு. யூஜின் சாண்டோ என்ற ஜெர்மானியப் பயில்வான் 1904-05ல் இந்தியா முழுவதும் சுற்றிக் காட்சி நடத்தினார். அவர் போய்விட்டார், பெயர் மட்டும் தங்கிவிட்டது. கட்டுமஸ்தான ஆள் என்றால் 'சாண்டோ' என்று பட்டம் கொடுத்தார்கள். எம்.ஜி.ஆரை வைத்து வரிசையாகப் படம் எடுத்த சாண்டோ சின்னப்பா தேவர் பெயரில் இருப்பது அந்த சாண்டோதான். கை இல்லாத பனியனுக்கும் அதே பெயர். 1920ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அதோடு 'டிரில் வாத்தியார்' என்ற ஒரு புது மனிதர் நம் பள்ளிக்கூடங்களுக்குள் வந்தார். உடற்பயிற்சிக்கு ஒரு மணி அடித்து, ஒரு பீரியட் ஒதுக்கி, பாடத்தில் ஒன்றாக்கியது இந்தக் காலம்தான்.

கவனித்துப் பார்த்தால், பயிற்சிக்கு என்று தனி நேரம் ஒதுக்க ஆரம்பித்த அதே நூற்றாண்டில்தான் வேலையிலிருந்து உடல் உழைப்பு கழன்றுகொண்டது. ஏற்றம் போய் மோட்டார் பம்பு வந்தது. ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது. 2011ல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் மிச்சம் இருந்த கொஞ்சம் வேலையும் போனது. இதைச் சொன்னதும் 'அந்தக் காலத்துப் பாட்டிகள் எல்லாம் அம்மி அரைத்தே ஆரோக்கியமாக இருந்தார்கள்' என்று ஒரு கூட்டம் கிளம்பும். விடிகாலையில் எழுந்து ஒரு குடும்பத்துக்கே மாவு ஆட்டிய பெண்ணைக் கேட்டால் தெரியும், அது ஆரோக்கியமா, இடுப்பு ஒடிகிற வேலையா என்று. கிரைண்டர் வந்தது நல்லதுதான். அது மிச்சப்படுத்திய நேரம் டிவி முன்னால் போனதுதான் பிரச்சினை.

உழைப்பு ஒன்றே போதும் என்பதற்கும் செஞ்சியிலேயே மறுப்பு இருக்கிறது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். 1761 வரை வைத்திருந்தார்கள். ஒரு சமயத்தில் நூறு ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு மேல் அங்கே இருந்ததில்லை. ஆனால் அந்தப் பத்து வருடத்தில் இறந்துபோனவர்கள் 1,200 பேர் என்று ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்கள். சண்டையில் செத்ததைவிட அந்த இடத்தின் நோய்க்குச் செத்தவர்களே அதிகம். தினமும் மலை ஏறி இறங்கியவர்கள்தான் அவர்களும்! காய்ச்சலுக்கும் கெட்ட தண்ணீருக்கும் தண்டால் மருந்தாகாது. அந்தக் காலத்து எதிரி வேறு, இந்தக் காலத்து எதிரி வேறு.

இந்தக் காலத்து எதிரி யார்? சர்க்கரை, ரத்த அழுத்தம், மாரடைப்பு. இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இண்டியாப்' ஆய்வு 2023ல் சொன்னது. அதே ஆய்வின் முதல் கட்டத்தில் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 14,000 பேருக்கு மேல் கேட்டுப் பார்த்தார்கள். 2014ல் வெளிவந்த அந்த முடிவின்படி 54 சதவீதம் பேர் போதிய உடலசைவு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் விளையாட்டு, நடை என்று ஏதாவது செய்கிறவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை. வேலையில் உழைப்பு போய்விட்டது, ஓய்விலும் வரவில்லை.

சரி, வேலையிலேயே இருக்கும் உழைப்பு உண்மையில் எவ்வளவு உதவுகிறது? இதை முதன்முதலில் ஒழுங்காக அளந்து காட்டியது லண்டன் பேருந்துகள். ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர், 1953ல் தன் ஆய்வை வெளியிட்டார். லண்டனின் இரட்டை மாடிப் பேருந்தில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே சம்பளம், ஒரே மாதிரிக் குடும்பங்கள். ஆனால் மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவாகவே வந்தது. வந்தாலும் அந்த அளவுக்கு உயிர் குடிக்கவில்லை.

ஒரு கண்டக்டர் ஒரு நாளில் ஏறிய படிகள் 500 முதல் 750 வரை. ஒரு படி எட்டு அங்குலம் என்று வைத்துக்கொண்டால் 330 அடி முதல் 500 அடி. அதாவது, இரண்டு நாளைக்கு ஒரு ராஜகிரி! சீருடை போட்டுக்கொண்டு, டிக்கெட் பையோடு, யாருக்கும் தெரியாமல் அந்த மனிதர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை செஞ்சிக் கோட்டை உச்சிக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

'ஒல்லியானவர்கள் கண்டக்டர் வேலைக்குப் போயிருக்கலாம், குண்டானவர்கள் டிரைவர் ஆகியிருக்கலாம் இல்லையா?' என்று கேட்டால் அது நல்ல கேள்வி. மாரிஸ் குழுவினருக்கும் அதே சந்தேகம் வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? சீருடை தைத்துக் கொடுத்த கணக்கை எடுத்து, கால்சட்டை இடுப்பளவுகளைப் பார்த்தார்கள். 1956ல் அதையும் வெளியிட்டார்கள். டிரைவர்களின் இடுப்பு, வேலைக்குச் சேர்ந்த இளம் வயதிலேயே பெரிதாகத்தான் இருந்தது. சந்தேகத்தில் பாதி உண்மை. ஆனால் பின்னால் இடுப்பளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஒரே அளவு கால்சட்டை போடுகிற டிரைவரையும் கண்டக்டரையும் ஒப்பிட்டாலும் கண்டக்டருக்கே ஆபத்து குறைவு. தொப்பை உள்ள கண்டக்டரும், தொப்பை உள்ள டிரைவரைவிடப் பாதுகாப்பாக இருந்தார். (தன் ஆய்வைத் தானே நம்பிய மாரிஸ் ஓடிப் பழகினார். 1910ல் பிறந்தவர், 2009 வரை வாழ்ந்தார்.)

இதே விஷயம் அரை நூற்றாண்டு கழித்துச் சென்னையிலும் வெளிப்பட்டது. மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சாதாரண ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு உணவில் கொஞ்சம் கட்டுப்பாடு, தினமும் அரை மணி நேரம் வேகமான நடை. வீட்டுவேலை, சைக்கிள் என்று ஏற்கெனவே உழைக்கிறவர்களுக்கு அதையே தொடரச் சொன்னார்கள். மற்ற இரண்டு பிரிவுகளுக்கு மாத்திரை சேர்ந்தது. 2006ல் வந்த முடிவு: ஆலோசனை மட்டும் கேட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 சதவீதம். மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று, நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை!

இதை இரண்டு முறை படிக்க வேண்டும். எடை குறையவில்லை. ஆனால் நோய் குறைந்தது. ஜனவரியில் ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டு, மார்ச்சில் எடை மிஷின் மீது ஏறிப் பார்த்து, 'ஒன்றும் பிரயோஜனமில்லை' என்று நிறுத்திவிடுகிற அத்தனை பேரும் லாபம் வந்துகொண்டிருக்கும் கடையை மூடுகிறவர்கள். கல்லாவில் இருக்கும் ரொக்கத்தை மட்டும் எண்ணிப் பார்த்து ஒரு வியாபாரத்தின் லாப நஷ்டத்தைச் சொல்ல முடியாது என்பது முதல் வருட அக்கவுண்ட்ஸ் பாடம். எடை மிஷின் காட்டுவது அந்த ரொக்கத்தைத்தான்.

அதற்காக எடையே குறையாது என்று அர்த்தமில்லை. குறையும், ஆனால் மெதுவாக. 70 கிலோ உள்ள ஒருவர் ராஜகிரி உச்சிக்கு ஏறினால் என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 70 கிலோவை 240 மீட்டர் தூக்கத் தேவையான சக்தி சுமார் 40 கலோரிதான். ஆனால் நம் உடம்பு அவ்வளவு சிக்கனமான இயந்திரம் இல்லை. எரிப்பதில் நாலில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றும், மற்றது சூடாகவும் வியர்வையாகவும் போகும். ஆகவே உண்மையான செலவு 160 முதல் 200 கலோரி. நாலு இட்லி. அல்லது ஒரு சிறிய பரோட்டா, சால்னா இல்லாமல்! மூச்சு வாங்க, குரங்குகளுக்குப் பயந்து பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உச்சி வரை போனதற்கு அவ்வளவுதான் பற்று. கீழே இறங்கி வந்து பிரியாணி சாப்பிட்டால் கணக்கு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. அதைக் கரைக்க நாற்பது தடவை ராஜகிரி ஏற வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை சுற்றுலா வந்து ஏறுகிறவருக்கு நாற்பது வருடம் ஆகும். இரண்டு நாளைக்கு ஒரு ராஜகிரி ஏறிய லண்டன் கண்டக்டருக்கு, சாப்பாடு கூடாமல் இருந்தால், மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. மலையின் உயரம் இருவருக்கும் ஒன்றுதான்.

உலக சுகாதார நிறுவனமும் இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருக்கிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலசைவு என்று 2010லேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று அப்போது ஒரு நிபந்தனை இருந்தது. 2020ல் வந்த வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் படி ஏறினாலும் கணக்கில் வரும். (பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்பது மருத்துவர் சொன்னது இல்லை. 1965ல் ஜப்பானில் ஒரு அடி அளக்கும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து வந்தது.) தமிழக அரசும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தது. நல்ல திட்டம். எட்டு கிலோமீட்டர் நடக்க நேரம் இருப்பவர்களுக்கு.

நேரம் இல்லாதவர்கள் கல்லூரியிலேயே கணக்கைத் தொடங்கலாம். மூன்றாவது மாடியில் வகுப்பு என்றால் தரையிலிருந்து சுமார் 30 அடி. காலையில் ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை, ஆக 60 அடி. இரண்டு வாரக் கல்லூரி நாட்களிலும் மறு திங்கள், செவ்வாயிலும் சேர்த்தால் 720 அடி. புதன்கிழமையும் வந்துவிட்டால் 780. வியாழக்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்குள் ராஜகிரி உச்சியில் இருக்கலாம். கேண்டீனுக்கு இடைவேளையில் ஓடுவதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே சாப்பிடும் சமோசாவையும்தான்.